எவ்வளவு ஏத்துறது?

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் இந்த ஒரு பேச்சுதான். எத்தனை அறை, என்ன டைல்ஸ், சமையலறை எந்தப் பக்கம் என்பதெல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. கிள்ளானில் அப்பா 80களில் வாங்கிய ஒற்றை மாடி வீட்டை இடித்துவிட்டு அதே லோட்டில் புதிதாகக் கட்டப் போகிறோம். எல்லாவற்றுக்கும் ஒத்துப்போன குடும்பம், தரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்ற இடத்தில் மட்டும் நாலாகப் பிரிந்து நின்றது.

அப்பா 3 அடி போதும் என்றார். அண்ணன் 8 அடி என்றார். அம்மா, “என் முட்டியக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க” என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. உயரம் என்றால் எங்கிருந்து உயரம்? அதுவே முதலில் விளங்கவில்லை.

எங்கள் பழைய வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஒரு பென்சில் கோடு இருக்கிறது. பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் 18.12.2021. அந்தச் சனிக்கிழமையைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் மறந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். நான் வானொலி நிலையத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரீ மூடாவிலிருந்து கூரை மேல் நின்றபடி அழைத்தவர்களின் குரல் ஒரு காதில். என் வீட்டாரின் கைப்பேசி அணைந்துபோன ஓசை இன்னொரு காதில். அவர்கள் எதிர்வீட்டுச் சீனக் குடும்பத்தின் மேல்மாடியில் பத்திரமாக இருந்தார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் நின்ற சேற்று வரியை ஒட்டி அப்பா கோடு போட்டார். வீட்டுக்கு மறுபடி சாயம் பூசியபோது அந்த இடத்தை மட்டும் அம்மா தொட விடவில்லை.

தரையிலிருந்து அந்தக் கோடு 95 சென்டிமீட்டர். அப்பாவின் 3 அடிக் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். போன முறை வந்த தண்ணீர் இவ்வளவு, அவ்வளவு ஏற்றினால் போதும் என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நில அளவையாளர் வந்து முக்காலியை நிறுத்திய பிறகுதான் அதில் இருந்த ஓட்டைகள் தெரிந்தன.

அவர் எங்கள் தரையை அளக்கவே இல்லை. முதலில் தெருவின் நடுவை அளந்தார், பிறகு லொங்காங்கின் அடிமட்டத்தை, பிறகு கோட்டை. எல்லாவற்றையும் கடல் மட்டத்திலிருந்து எண்ணாக எழுதினார். தெரு 2.60 மீட்டர். எங்கள் தரை 2.75. பென்சில் கோடு 3.70. வரைபடத்தில் ஆர்.எல். என்று போட்டு எழுதுவார்களே, அந்த எண் இதுதான். வீட்டுக் காரர்களான நாம் படியை எண்ணுகிறோம். அவர்கள் கடலை எண்ணுகிறார்கள்.

இதில் கிள்ளான்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்று உண்டு. தீபகற்ப மலேசியா முழுவதற்கும் அந்தச் சுழியம் நம் ஊரில்தான் இருக்கிறது. போர்ட் கிள்ளானில் 1984 முதல் 1993 வரை கடல் ஏறி இறங்கியதைப் பத்தாண்டுகள் தொடர்ந்து அளந்து, அதன் சராசரியைத்தான் நாட்டின் நில உயரங்களுக்கு அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். கேமரன் மலையின் உயரமும் அங்கிருந்துதான், எங்கள் வீட்டு வாசல்படியின் உயரமும் அங்கிருந்துதான்.

ஆனால் சராசரி என்பது சராசரிதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய கடல் பெருக்கின்போது போர்ட் கிள்ளானில் கடல் அந்தச் சராசரியைவிட 2 மீட்டர் அளவுக்கு மேலே ஏறி நிற்கும். துறைமுகத்தில் 30 ஆண்டு வேலை பார்த்த அப்பாவுக்கு இது தலைகீழ்ப் பாடம். எங்கள் தெரு 2.60. அதாவது கடல் ஏறியிருக்கும் அந்தச் சில மணி நேரம் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய 60 சென்டிமீட்டர்தான். லொங்காங் தண்ணீருக்கு ஓட இறக்கம் வேண்டாமா? வானம் கொட்டுகிற நேரமும் கடல் ஏறுகிற நேரமும் ஒன்றாகிவிட்டால், தண்ணீர் போக இடமில்லாமல் அப்படியே நிற்கும். மதகும் பம்பும் இருக்கின்றன. அவற்றுக்கும் ஓர் அளவு உண்டு.

அண்ணன் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்: “அப்பா, நீங்க அளந்தது போன தடவ வந்த தண்ணிய. அடுத்த தடவ வர்ற தண்ணி உங்க பென்சில் கோட்டப் பார்த்துட்டா நிக்கும்?”

2021 மழையை நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்று செய்தியில் சொன்னார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து நானும் அதை வாசித்தேன். கேட்பவருக்கு அது ஆறுதலாக இருக்கும்: வந்துவிட்டது, இனி பேரப்பிள்ளை காலத்தில்தான். அந்தச் சொல்லுக்குப் பொருள் அதுவல்ல. ஒவ்வோர் ஆண்டும் அப்படி ஒரு மழை வர நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஆண்டு வந்துவிட்டது என்பதற்காக அடுத்த ஆண்டு அது விடுப்பு எடுத்துக்கொள்ளாது. 35 ஆண்டு வீட்டுக் கடன் வாங்குகிற ஒருவர், கடன் முடிவதற்குள் அப்படி ஒரு மழையை ஒருமுறையேனும் பார்க்க எவ்வளவு வாய்ப்பு? கணக்குப் போட்டால் ஏறக்குறைய 30 விழுக்காடு வருகிறது. பத்துப் பேர் கடன் வாங்கினால் மூன்று பேர். வங்கியில் கையெழுத்துப் போடும்போது இதை யாரும் நம் முன்னால் போட்டுக் காட்டுவதில்லை.

அந்த வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் வீடுகள் மட்டும் 160 கோடி, வாகனங்கள் 100 கோடி. (வாகனக் காப்புறுதியில் வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும் என்பது அந்த வாரத்தில்தான் பலருக்குத் தெரியவந்தது. உங்களுடையதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.)

அப்பாவின் கணக்கில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. இந்த வீட்டை வாங்கியபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே வந்ததாக அம்மா சொல்வார். இப்போது ஒரு படிதான். வீடு கீழே போயிருக்கிறதோ இல்லையோ, தெரு மேலே வந்திருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டால், ஒவ்வொரு முறையும் சில சென்டிமீட்டர் ஏறும். 40 ஆண்டில் ஒரு படி காணாமல் போக அது போதும். ஆகவே வெள்ளக் கோட்டுக்குச் சரிசமமாகத் தரையை வைத்தால், நம் பிள்ளைகள் காலத்தில் அது கோட்டுக்குக் கீழே.

எங்கள் ஆர்க்கிடெக்ட் கோட்டுக்கு மேல் இன்னும் 30 சென்டிமீட்டர் கேட்டார். 3.70 உடன் 0.30, ஆக 4.00. தெருவிலிருந்து 1.40 மீட்டர், ஏறக்குறைய நாலரை அடி. அந்த ஓரடி பயத்துக்காக அல்ல, நமக்குத் தெரியாதவற்றுக்காக என்றார்.

எண் கிடைத்துவிட்டது, சண்டை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அங்கேதான் ஆரம்பித்தது. நாலரை அடி ஏற்ற வேண்டும், சரி. எதை ஏற்றுவது? நிலத்தையா, வீட்டையா?

நம் ஆட்கள் பெரும்பாலும் செய்வது மண் கொட்டுவதுதான். லோரி வரும், செம்மண் கொட்டும், உருளை ஓடும், லோட்டே மேடாகிவிடும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். எங்கள் லோட்டு 12 மீட்டருக்கு 24 மீட்டர். அதை 1.25 மீட்டர் ஏற்ற, இறுக்கிய மண்ணாக 360 கன மீட்டர் வேண்டும். இறுக்குவதற்கு முன் அது 450 இருக்கும். ஒரு லோரிக்கு 10 என்றால் 45 லோரி. எடை 600 டன்னைத் தாண்டும்.

அந்த 600 டன்னும் எதன் மேல் உட்காரப் போகிறது? கிள்ளானின் தாழ்ந்த பகுதிகளில் அடியில் இருப்பது கடற்களிமண். சேமியாப் பாயசம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பாரம் வைத்தால் உள்ளேயிருக்கும் தண்ணீர் மெதுவாகப் பிதுங்கி வெளியேறும். மண் ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். பைலிங் போட்ட வீடு இறங்காது, சுற்றியுள்ள மண் மட்டும் இறங்கும். நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் பார்த்திருப்பீர்கள்: வீடு நேராக நிற்கும், கார் போர்ச் மட்டும் தனியாகக் கீழே போயிருக்கும், இரண்டுக்கும் நடுவே கை நுழையும் விரிசல், அதற்கு வருடா வருடம் சிமெண்ட். தரைக்கு அடியில் போகும் கழிவுக் குழாய் அந்த இடத்தில்தான் உடையும்.

இதெல்லாம் பொறியியல். காசு இருந்தால் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

எங்கள் இடப்பக்கம் ஒரு மாக்சிக் இருக்கிறார். தனியாக, பென்ஷனில். அவர் வீட்டுத் தரை எங்கள் பழைய தரைக்குச் சமம். 2021இல் எங்கள் அம்மாவும் அவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் எதிர்வீட்டுக்கு நீந்தாத குறையாகப் போனார்கள். புது வீட்டு வரைபடத்தை அவரிடம் காட்ட அம்மா போனார், நானும் போனேன். படங்களையெல்லாம் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மண் கொட்டப் போகிறோம் என்றதும் மலாயில் மெதுவாக ஒன்று கேட்டார்: உங்கள் மண் மேலே போனால், உங்கள் தண்ணீர் எங்கே போகும்?

குற்றம் சொல்லும் தொனி இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். வீட்டுக்குத் திரும்பி வரும் பத்தடி தூரத்தில் அம்மா ஒன்றும் பேசவில்லை.

பெரிய ஆற்று வெள்ளத்தில், எங்கள் ஒரு லோட்டு மேடாவதால் தெருவின் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஏறிவிடாது. அதை நான் பொறியியலாளரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஆனால் மாக்சிக் கேட்டது அந்த வெள்ளத்தைப் பற்றியல்ல. மாதம் நாலு முறை வரும் சாயங்கால மழையைப் பற்றி. இதுவரை எங்கள் லோட்டில் விழுந்து புல்லில் ஊறி, தேங்கி, மெதுவாக லொங்காங்குக்குப் போன தண்ணீர், மேடான சிமெண்ட் தரையிலிருந்து வழிந்து எங்கே இறங்கும்? தாழ்ந்த பக்கம். தாழ்ந்த பக்கம் அவர் வீடு. பிறகு அவரும் ஏற்ற வேண்டும், அவருக்கு வழியில்லை. தாமானில் ஒவ்வொருவராகத் தங்கள் லோட்டை ஏற்றிக்கொண்டே போனால், கடைசியில் தண்ணீர் தேடிப் போவது ஏற்ற முடியாதவரின் வீட்டைத்தான். இதை நான் அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் யோசித்தேன்; எந்த வரைபடத்திலும் அவர் வீடு வெறும் கட்டமாகத்தான் இருந்தது.

சட்டமும் இதை நம் இஷ்டத்துக்கு விடவில்லை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 70ஏ பிரிவு, ஊராட்சி மன்றத்திடம் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்காமல் மண்வேலை தொடங்கக் கூடாது என்கிறது. “நாலு லோரி மண்ணுதானே, ஞாயித்துக்கிழமையில கொட்டிரலாம்” என்று சொல்கிற கொன்ட்ராக்டரை நம்பாதீர்கள்.

மீதி இருப்பது வீட்டை ஏற்றுவது. நிலத்தை இருக்கிற மட்டத்திலேயே விட்டுவிட்டு, வீட்டைத் தூண்களின் மேல் நிறுத்துவது. இது ஒன்றும் புதுமை இல்லை. இந்த நாட்டுக்கே பழையது. கம்போங் வீடுகள் எல்லாம் கால் ஊன்றித்தான் நின்றன. ஆற்றோரத்தில் இருப்பவர்கள் தண்ணீருக்கு வழிவிட்டு மேலே குடியிருந்தார்கள். தாத்தா இருந்த தோட்டத்து லயமும் குட்டைத் தூண்களின் மேல்தான் இருந்ததாம். கீழே ஆடு, கோழி, விறகு, மழை நாளில் பிள்ளைகளின் விளையாட்டு. பிறகு தாமான் வந்தது, தரையோடு சிலாப் போட்டு வரிசை வரிசையாக வீடு வந்தது. படி இல்லாத வீடு வசதியாகப் பட்டது. தண்ணீருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

அண்ணனின் 8 அடி யோசனை இதிலிருந்து வந்ததுதான். கீழே முழுத் தளமாக விட்டுக் கார் நிறுத்தலாம், மேலே குடியிருக்கலாம். கணக்காகப் பார்த்தால் அதுதான் மிகப் பாதுகாப்பு. ஆனால் 8 அடிக்கு 15, 16 படி. அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கின்றன. 35 ஆண்டில் ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்துக்காக ஒரு நாளைக்கு நாலு முறை 16 படி ஏறி இறங்க வேண்டும். அப்படி வைத்தால் நடக்கப்போவது என்ன என்று எல்லாருக்கும் தெரியும்: அம்மா இறங்குவதை நிறுத்திவிடுவார். சந்தைக்குப் போக மாட்டார், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக மாட்டார், மாக்சிக்கிடம் பேசப் போக மாட்டார். வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வீட்டுச் சிறையில் வைத்த மாதிரி. இதை அண்ணனிடம் நான் சொன்னபோது அண்ணிதான் முதலில் தலையாட்டினார். “பத்துமலையில 272 படி ஏறுனவங்கதான” என்று அண்ணன் ஒருமுறை முயன்று பார்த்தார். “அது முருகனுக்கு. இது மீன் வாங்க” என்றார் அம்மா.

நாலரை அடிக்கு எத்தனை படி? கட்டட விதிப்படி ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 1.40 மீட்டரை எட்டால் வகுத்தால் 175, விதிக்குள் வருகிறது. ஆனால் எட்டா? அப்பா விரல்விட்டு எண்ணினார்: இலாபம், நட்டம், இலாபம், நட்டம். எட்டாவது படி நட்டத்தில் முடிந்தது. ஒன்பது என்றால் இலாபம். படி உயரமும் 155 மில்லிமீட்டராகக் குறைகிறது, முட்டிக்கும் நல்லது. சாஸ்திரமும் மூட்டு மருத்துவரும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்ட ஒரே இடம் எங்கள் வரைபடத்தில் இதுதான்.

சக்கர நாற்காலிக்கான சரிவுதான் கஷ்டமாக இருந்தது. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பாதுகாப்பான அளவு. 1.40 மீட்டருக்கு 16.8 மீட்டர் வேண்டும். வீட்டின் முன்னால் இருப்பதோ 6 மீட்டர். ஆகவே அது வலப்பக்கச் சுவரை ஒட்டி நீண்டு, பின்னால் திரும்பி, சமையலறைப் பக்கம் ஏறும். நடுநடுவே நின்று மூச்சுவாங்கச் சமதளம். அந்தப் பக்கம் வைக்க இருந்த அம்மாவின் கறிவேப்பிலையும் முருங்கையும் பின்னுக்குப் போய்விட்டன. இன்றைக்கு அந்தச் சரிவு யாருக்கும் தேவையில்லை. இதே வீட்டில் அப்பா அம்மாவுக்கு 80 வயதாகும்போது இருக்கிற இடத்தைத் தேட முடியாதே.

கார் கீழேயே, தெரு மட்டத்திலேயே நிற்கும். 6 மீட்டருக்குள் அதை நாலரை அடி ஏற்றினால் அடிப்பாகம் உரசும். மழை எச்சரிக்கை வந்தால் கொண்டுபோய் மேட்டில் நிறுத்துவது எங்கள் வேலை. வீட்டுக்கு அடியில் இருக்கும் நாலரை அடி இடத்தை என்ன செய்வது என்பதிலும் ஒரு வாக்குவாதம் நடந்தது. சுவர் எழுப்பி மூடினால் ஸ்டோர் ஆகிவிடும். ஆனால் தண்ணீர் உள்ளே போக முடியாமல் சுவரைத் தள்ளும். திறந்து வைத்தால் பாம்பும் பழைய சாமானும் சேரும். கம்பிக் கதவு போட்டு, கொசு முட்டையிடத் தண்ணீர் தேங்காதபடி தரையைச் சரித்து, எதையும் வைக்கக் கூடாது என்று முடிவாகியிருக்கிறது. கடைசி விதி எத்தனை நாள் நிற்கும் என்று அப்பாவின் இரும்புச் சாமான்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மண் கொட்டுவதைவிடத் தூண் வீட்டுக்குக் கூடுதல் செலவுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. தரைத் தளமே தொங்கும் சிலாப் ஆகிவிடுகிறது, கம்பியும் கான்கிரீட்டும் கூடுகின்றன. கொட்டிய மண்ணைத் தாங்கிப் பிடிக்கும் சுவர் வேண்டாம் என்பதால் கொஞ்சம் திரும்பி வரும். மீதிக்காக மேல்மாடியில் ஓர் அறையை விட்டுக்கொடுத்தோம். அது எனக்காகப் போட்டிருந்த அறை. சிரம்பானிலிருந்து வாரம் ஒருமுறை வருகிறவருக்கு வரவேற்பறை சோபா போதும் என்று குடும்பம் ஒருமனதாகத் தீர்மானித்தது.

வரைபடம் போன வாரம் மன்றத்துக்குப் போய்விட்டது. வடிகால் துறையின் கருத்தும் வர வேண்டும், 4.00 என்ற எண்ணை அவர்கள் மாற்றச் சொல்லலாம். இடப்பக்க எல்லையை ஒட்டி எங்கள் நிலத்துக்குள்ளேயே ஒரு வாய்க்கால் காட்டியிருக்கிறோம், கூரைத் தண்ணீர் அதில் இறங்கி நேராகத் தெரு லொங்காங்குக்குப் போகும்.

மாக்சிக் அந்த வாய்க்காலை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, வீட்டை ஏற்ற முடியாதவர்கள் என்ன செய்யலாம் என்று எங்கள் எலக்ட்ரிஷியனையும் குழாய்க்காரரையும் பிடித்துக்கொண்டார். பிளக் பாயிண்டுகளை எல்லாம் சுவரில் 4 அடிக்கு மேலே மாற்றச் சொல்லியிருக்கிறார். 2021இல் தண்ணீர் அவர் வீட்டுக்குள் முதலில் நுழைந்தது வாசல் வழியாக அல்ல, கழிவறை வழியாக. வெளியே போகும் குழாயில் ஒருவழி வால்வு போட்டால் அது தடைபடும். அதற்கு எங்கள் சுவரை ஒட்டிக் கொஞ்சம் தோண்ட வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டை இடிக்க வரும் ஆட்களே அதையும் செய்து கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம்.